கேப்டன் யாருக்குக் கேப்டன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்துக்குப் பதில் இது. தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்கு சியா கொலிசி என்ற கறுப்பினத்தவர் கேப்டனாக இருப்பதைச் சொல்லி, விளையாட்டில் நிறம், மொழி, ஊர் எல்லாம் பார்க்க ஆரம்பித்தால் அங்கேயும் அரசியல் புகுந்துவிடும், திறமை இருக்கிறவரைக் கேப்டனாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கட்டும் என்று முடித்திருந்தார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, திறமை வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் அரசியல் ஏதோ கொலிசி கேப்டனான 2018-ல்தான் வாசற்படி ஏறி வந்த மாதிரி எழுதியிருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஊர் ரக்பியில் அது தலைமுறை தலைமுறையாகப் பாய் விரித்துப் படுத்திருந்தது. அப்போது யாரும் அதை அரசியல் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நிறவெறி ஆட்சி நடந்த காலத்தின் பெரும்பகுதியில், ஸ்பிரிங்பாக் மான் படம் போட்ட தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். வெள்ளையர் அல்லாத முதல் ஆள், எரோல் டோபியாஸ், டெஸ்ட் (ரக்பியில் இரண்டு நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) ஆடியதே 1981-ல்தான். மைதானத்துக்குப் பார்க்க வரும் கறுப்பினத்தவருக்கும் கலப்பினத்தவருக்கும் தனியாக ஒரு மூலையை அடைத்து வைத்திருப்பார்கள். அந்த மூலையில் உட்கார்ந்தவர்கள் யாருக்குக் கைதட்டினார்கள் தெரியுமா? வந்த விருந்தாளி அணிக்கு. சொந்த நாட்டு அணி தோற்க வேண்டும் என்று தொண்டை வறளக் கத்தினார்கள். கேப் டவுனில் இன்றைக்கும் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேட்ச் பார்க்க வருகிறவர்கள் உண்டு, அப்பா தாத்தா காலத்திலிருந்து வந்த பழக்கம். (அந்த நியூசிலாந்தும் ஒன்றும் யோக்கியமில்லை. 1960-ல் தென்னாப்பிரிக்காக்காரர்களின் மனம் கோணக்கூடாது என்று தன் பூர்வகுடிகளான மாவோரி வீரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய் ஆடிய அணிதான் அது.)

ஒரு நாட்டின் மக்களில் பெரும்பாலானவர்கள் அந்த நாட்டு அணி தோற்றால் சந்தோஷப்படுகிறார்கள் என்றால் அங்கே கேப்டன் என்பவர் யாருக்குக் கேப்டன்? நான் கேட்க நினைத்தது இந்த ஒரு கேள்வியைத்தான். நாட்டுப் பெயரில் ஆடுகிற அணிக்கு கேப்டனைத் தேர்ந்தெடுக்கும்போது, களத்தில் நிற்கிற பதினைந்து பேரை மட்டும் பார்த்தால் போதாது. யார் அந்த அணியை 'நம்ம டீம்' என்று சொல்கிறார்கள், யார் சொல்ல மறுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அதுவும் ஆட்டத்தைச் சேர்ந்த விஷயம்தான்.

மண்டேலா கதை எல்லோருக்கும் தெரியும். 1995 ஜூன் 24, ஜொகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க், உலகக்கோப்பை இறுதி ஆட்டம், தென்னாப்பிரிக்கக் கேப்டன் பீனாரின் 6-ம் நம்பர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து கோப்பையைக் கொடுத்தார், நியூசிலாந்தைக் கூடுதல் நேரத்தில் 15-12 என்று ஜெயித்தார்கள். பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். நாட்டின் தலைவர் ஒருவர் பெருந்தன்மையாக அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார், ஆனால் தெருவிலிருந்து யாரும் அந்தச் சட்டைக்குள் வந்துவிடவில்லை. அதற்கு அப்புறம் 23 வருஷம் ஆயிற்று, 6-ம் நம்பர் போட்ட கறுப்பினத்தவர் ஒருவர் டெஸ்ட் கேப்டனாக அதே எல்லிஸ் பார்க்கில் இறங்க.

அவர்தான் கொலிசி. 1991 ஜூன் 16-ல் பிறந்தவர். மக்களை நிறவாரியாகப் பிரித்துப் பதிவு செய்கிற சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் ரத்து செய்ததற்கு முந்தைய நாள். போர்ட் எலிசபெத் பக்கத்தில் ஸ்வீடே என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பு, பாட்டி வீட்டில் வளர்ந்தவர், பல நாள் ராத்திரிச் சாப்பாடு இருக்காது. ரக்பி அரைக்கால் சட்டை இல்லாமல் உள்ளாடையைப் போட்டுக்கொண்டே முதல் தேர்வு ஆட்டம் ஆடியவர். 12 வயதில் ஒரு சிறுவர் போட்டியில் ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டார், நல்ல பள்ளிக்கூடத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது, அங்கே போனபோது ஆங்கிலம் வராது. கூடப் படித்த வெள்ளைக்காரப் பையன் இவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தான், இவர் அவனுக்குத் தன் தாய்மொழியான கோசாவைச் சொல்லிக்கொடுத்தார். 2007-ல் தென்னாப்பிரிக்கா இரண்டாவது முறை உலகக்கோப்பையை வென்ற ஆட்டத்தை, வீட்டில் டி.வி. இல்லாததால், பக்கத்து மதுக்கடையில் போய்ப் பார்த்தவர்.

நம் வாசகர் சொல்லும் திறமை அந்தப் பையனிடம் 12 வயதிலேயே இருந்தது, சரி. அந்தப் பயிற்சியாளர் அன்றைக்கு அந்தப் போட்டிக்கு வராமல் இருந்திருந்தால்? அதே தெருவில் இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள், யாருக்குத் தெரியும்? கறுப்பினத்தவருக்கு ரக்பி தெரியாது, அவர்களுக்குக் கால்பந்துதான் என்று சொல்வார்கள், அதுவும் பொய். கிழக்குக் கேப் பகுதியில் மிஷன் பள்ளிகள் வழியாகப் போய்ச் சேர்ந்து, நூறு வருஷத்துக்கு மேலாகக் கோசா மக்கள் தலைமுறையாக ரக்பி ஆடுகிறார்கள். ஆட்டம் இருந்தது, புல்தரையும் பூட்ஸும் தேர்வுக்குழுவும்தான் வேறு பக்கம் இருந்தன. 'தகுதி, திறமை' என்ற பேச்சைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற நமக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இதே வாதத்தை நம் தாத்தாக்கள் காலேஜ் சீட்டிலும் கவர்ன்மென்ட் வேலையிலும் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள்தானே.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். பிரதிநிதித்துவம் என்பதைக் கெடுக்கவும் வழி இருக்கிறது, அதையும் அதே நாடு செய்து காட்டியிருக்கிறது. 2008-ல் பீட்டர் டிவில்லியர்ஸை அந்த அணியின் முதல் வெள்ளையர் அல்லாத பயிற்சியாளராக நியமித்தார்கள். நியமித்த கையோடு ரக்பி சங்கத் தலைவரே, இந்தத் தேர்வுக்கு ரக்பி மட்டும் காரணமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நேர்மையாகப் பேசுவதாக நினைத்திருப்பார் போல. ஆனால் வேலையில் சேரும் முன்பே அந்த மனுஷன் முதுகில் 'சலுகையில் வந்தவர்' என்று எழுதி ஒட்டியாயிற்று. மறு வருஷமே பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து அமைக்கும் அணி) தொடரை வென்றார், நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் மூன்று நாடுகள் தொடரையும் வென்றார், இருந்தும் அந்தச் சீட்டு கடைசி வரை கிழியவில்லை.

பத்து வருஷம் கழித்து, 2018 மே மாதம், பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் கொலிசியைக் கேப்டனாக அறிவித்தபோது அப்படிச் செய்யவில்லை. அணியில் சந்தேகமில்லாமல் இடம் இருக்கிற ஒரு ஃபிளாங்கர் (ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் முன்கள வீரர்), ஏற்கெனவே கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ் அணிக்குக் கேப்டனாக இருந்தவர், அதனால் இவர் கேப்டன். அவ்வளவுதான் பேச்சு. ஜூன் 9, இங்கிலாந்தோடு முதல் ஆட்டம். இருபது நிமிஷத்துக்குள் 24-3 என்று பின்தங்கிவிட்டார்கள்! அன்றைக்கு அப்படியே தோற்றிருந்தால் மறுநாள் பத்திரிகைகளில் என்ன வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. 42-39 என்று ஜெயித்தார்கள். எனக்கு உலகக்கோப்பையைவிட இந்த ஆட்டம்தான் பிடிக்கும், ஏனென்றால் வெள்ளைக்காரக் கேப்டன் முதல் ஆட்டத்தில் தோற்றால் அது ஒரு தோல்வி, இவர் தோற்றிருந்தால் அது ஒரு இனத்தின் மேல் தீர்ப்பு. அந்தச் சுமையோடு ஆடுகிறவருக்குக் கூடுதல் திறமை வேண்டும் என்பதை 'திறமை மட்டும்' கட்சிக்காரர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. 2019 நவம்பர் 2, யோகோஹாமா, உலகக்கோப்பை இறுதியில் இங்கிலாந்தை 32-12 என்று ஜெயித்தார்கள். முதல் பதினைந்து பேரில் ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். அதற்கு முன் ஜெயித்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரைகூட (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) அடித்ததில்லை, அந்த முதல் ட்ரையை அடித்தவர் மகசோலே மபிம்பி, இரண்டாவது செஸ்லின் கோல்பே. மேலே ஒரு கேப்டன் மட்டும் அலங்காரத்துக்கு நிற்கவில்லை, அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்திருந்தது. 2023-ல் கால் இறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்து மறுபடியும் கோப்பை. அந்த இறுதியில் நியூசிலாந்துக் கேப்டன் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார், நம்ம ஆள் மஞ்சள் அட்டை வாங்கிப் பத்து நிமிஷம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆக, புனிதரெல்லாம் இல்லை.

கேப்டன் வேலை என்றால் டாஸ் போடுவது என்று கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நாம் நினைத்துக்கொள்கிறோம். ரக்பியில் நடுவரிடம் போய்ப் பேசுகிற உரிமை கேப்டனுக்குத்தான். பெனால்டி கிடைத்தால் கம்பத்தைப் பார்த்து உதைத்து மூன்று புள்ளி எடுப்பதா, பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்து லைன்அவுட்டுக்கு (கோட்டோரத்திலிருந்து பந்தை உள்ளே எறிந்து பிடிப்பது) போவதா, ஸ்க்ரம் (இரு அணி முன்வரிசையும் தோளோடு தோள் முட்டித் தள்ளுவது) கேட்பதா, மூச்சு வாங்கிக்கொண்டே அந்த நிமிஷத்தில் சொல்ல வேண்டும், சொன்னதைப் பதினாலு பேரும் முணுமுணுக்காமல் கேட்க வேண்டும். தேசிய கீதமே ஐந்து மொழியில் பாடுகிற நாடு அது. ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளைக்காரப் பண்ணை வீட்டுப் பையனும் கோசா பேசும் பையனும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஸ்க்ரமில் முட்ட வேண்டும். இந்த அணியில் ஆளுக்கு ஆள் பேசிப் பழகத் தெரிவது திறமையில் சேருமா சேராதா?

பெங்களூருவில் நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு கால்பந்து அணி இருந்தது. கோல்கீப்பர் மலையாளி, பின்வரிசையில் இரண்டு பேர் சிவாஜிநகர் உருதுக்காரர்கள், முன்னால் ஆஸ்டின் டவுனிலிருந்தும் கௌதம்புரத்திலிருந்தும் வந்த நம் தமிழ்ப் பையன்கள் (கௌதம்புரத்தில் பீலேவுக்கே சிலை வைத்திருக்கிறார்கள், சும்மா இல்லை), நடுவில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர். கேப்டன் மட்டும் எப்போதும் ஆபீஸ் பக்கத்து ஆள். அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை, பாஸ் நன்றாகப் போடுவார், ஆனால் மெஷின் ஷாப்பில் யாருக்கும் அவரைத் தெரியாது. மைதானத்தில் கை உயர்த்தி ஏதாவது சொன்னால் பையன்கள் அவரைப் பார்க்காமல் நீலசந்திராவிலிருந்து வரும் ஒரு ஃபிட்டரைப் பார்ப்பார்கள். அந்த ஃபிட்டர் கோல்கீப்பரை மலையாளத்தில் திட்டுவார், அதே மூச்சில் திரும்பி உருதுவில் 'அப்படியே நில்லுடா' என்பார், நடுவரிடம் போய்க் கன்னடத்தில் 'சார் சார்' என்று குழைவார். ஆபீஸ்காரருக்கு மாற்றல் வந்த பிறகுதான் கைப்பட்டை ஃபிட்டருக்கு வந்தது. அணி உடனே கோப்பை ஒன்றும் அள்ளிவிடவில்லை. ஆனால் அதுவரை மேட்ச் பக்கமே எட்டிப் பார்க்காத கேன்டீன் ஆட்கள், லோடிங் ஆட்கள், ஷிப்ட் முடிந்ததும் கையில் டிபன் பாக்ஸோடு வந்து கோட்டோரமாக நிற்க ஆரம்பித்தார்கள். சம்பளம் வாங்குகிற அதே ஆலைதான், அதே சட்டைதான்.

நம் நாட்டிலும் இது புதுசு இல்லை. பல்வங்கர் பாலூ என்று ஒரு கிரிக்கெட் வீரர், இங்கே நம் தார்வாடில் பிறந்தவர், தலித். 1911-ல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். புனேயில் ஆடிய காலத்தில் கூட ஆடுகிற இந்துக்கள் அவர் போட்ட பந்தைத் தொடுவார்கள், ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில். இரட்டைக் குவளை நமக்குத் தெரியாத சமாசாரமா? மதவாரியாக அணி பிரித்து ஆடிய பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு அவர்தான் பெரிய பந்துவீச்சாளர், கேப்டன் பதவி மட்டும் முறையாக அவருக்கு வரவே இல்லை. 1923-ல் அவர் தம்பி விட்டல் கேப்டன் ஆனார், ஐரோப்பியர்களை இறுதியில் தோற்கடித்தார்கள். திறமைதான் அளவுகோல் என்றால் அண்ணனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாராவது சொல்லட்டும்.

நன்றாகச் செய்ததும் உண்டு. 1928-ல் முதல் ஹாக்கி ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணிக்கு முண்டா பழங்குடியைச் சேர்ந்த ஜெய்பால் சிங் கேப்டன். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாமல் 1948-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன கால்பந்து அணிக்குக் கேப்டன் தாலிமெரன் ஆவோ, நாகா மலையிலிருந்து வந்தவர், பின்னாளில் டாக்டர். தொடக்க விழாவில் தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவரும் அவரேதான். அந்த அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில் ஆடி, பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் யார் தெரியுமா? நம்ம பெங்களூரு சாரங்கபாணி ராமன். அல்சூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியுமா!

இங்கே இன்னொன்றும் கேட்க வேண்டும். அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார், ஒரு டெஸ்டுக்குக்கூட இந்தியக் கேப்டனாக இருந்ததில்லை. அப்போது டீக்கடையிலும் ஆபீஸிலும் வாட்ஸ்அப்பிலும் கொதித்தவர்கள் யார்? நாம்தான். 'நம்மாளுன்னா அப்படித்தான்' என்று பேசியவர்கள், கொலிசி விஷயத்தில் மட்டும் நிறமாவது மொழியாவது என்று வேதாந்தம் பேசுவது எந்த ஊர் நியாயம்? நம் வீட்டிலேயே கதை அப்படித்தான் ஓடுகிறது. நான் மஞ்சள் சட்டைக் கட்சி, இங்கேயே பிறந்து பள்ளியில் கன்னடம் படித்து வளர்ந்த என் மகன் சிவப்புச் சட்டை. சின்னசாமி மைதானத்தில் இரண்டும் மோதுகிற அன்றைக்கு வீட்டில் ரிமோட் யார் கையில் என்பதே பெரிய பஞ்சாயத்து. ஒரு அணி எப்போது 'நம்ம டீம்' ஆகிறது என்பதை நான் அவனிடமிருந்துதான் பார்க்கிறேன், யாரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை.

அதற்காக, கோயில் திருவிழா மண்டகப்படி மாதிரி இந்த வருஷம் இந்தச் சமூகத்துக்கு, அடுத்த வருஷம் அந்த மாநிலத்துக்கு என்று முறை வைத்துக் கேப்டன் பதவியைச் சுற்றில் விடச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஆட்டமும் போகும், அந்த மனுஷன் மரியாதையும் போகும். தோலின் நிறத்துக்காகத் தன்னைத் தேர்ந்தெடுப்பதைக் கொலிசியே விரும்பியதில்லை, அதை 2019 உலகக்கோப்பைக்கு முன்பே பேட்டியில் சொல்லி ஊரில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். நான் சொல்வது வேறு. கேப்டனாக நிற்கத் தகுதியுள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அவர்களில் யார் வந்தால் வெளியே நிற்கிற ஜனம் உள்ளே வரும் என்று யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யோசிக்கவில்லை என்று சொல்கிறவர்கள், பழக்கத்தில் எப்போதும் வருகிற முகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கிலாந்தும் 2025-ல் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த மாரோ இடோஜேவைக் கேப்டனாக்கியது. அந்த வருஷமே அவர் லயன்ஸ் அணிக்கும் கேப்டனாகப் போய் ஆஸ்திரேலியாவில் தொடரை வென்றுவந்தார். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இந்திய ரக்பிக்கு வருகிறேன். இந்த ஆட்டம் நமக்கு ஜிம்கானா கிளப்கள் வழியாக, ராணுவத்தின் வழியாக வந்தது. பம்பாய் ஜிம்கானா ஆரம்பித்தபோது ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதுகிற கல்கத்தா கோப்பை, நம் கல்கத்தாவில் கிளப்பை மூடும்போது கையிலிருந்த வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்ததுதான், கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடி மேலே யானை. வெள்ளி நம்முடையது, ஆட்டம் அவர்களுடையது. ஆனால் இன்றைக்கு இந்தியாவுக்கு ஆடுகிற பெண்களைப் பாருங்கள், ஒடிசாவின் பழங்குடிப் பள்ளிகள், பீகாரின் சிற்றூர்கள், வடவங்காளத்தில் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம் என்று வருகிறார்கள். 2019-ல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்று, பதினைந்து பேர் ஆட்டத்தில் தன் முதல் வெற்றியை வாங்கியது இந்தப் பெண்கள் அணி. ஆங்கிலம் சரளமாக வருகிறவர், பேட்டி நன்றாகக் கொடுக்கிறவர், மாநகரத்துக்காரர் என்றெல்லாம் பார்த்துக் கேப்டன் பட்டையைக் கட்டும் ஆசை எந்தச் சங்கத்துக்கும் வரும். நடுவரோடு பேச ஆங்கிலம் வேண்டும்தான், அது கற்றுக்கொள்ளக்கூடியது, கொலிசி கற்றுக்கொள்ளவில்லையா?

2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல் முறையாக நடந்தது, சென்னை புல்ஸ் கோப்பையை ஜெயித்தது. எங்கள் தெருவில் ரக்பி பந்து உருண்டையா நீளமா என்று தெரியாதவர்கள்கூட 'நம்ம சென்னை' என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள், பெங்களூருக்கும் ஒரு அணி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பெயருக்கே இந்த அளவு இழுப்பு என்றால் கேப்டன் என்ற ஆளுக்கு எவ்வளவு இருக்கும்?

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இந்தியப் பெண்கள் ரக்பி அணியைப் பற்றி வருகிற செய்தி இரண்டு வரிக்கு மேல் போவதில்லை, அதில் கேப்டன் பெயர்கூட இருப்பதில்லை. அடுத்த முறை அணி அறிவிக்கும்போது கேப்டன் பெயரையும், அவர் எந்த ஊர், எந்தப் பள்ளியில் ஆட ஆரம்பித்தார் என்பதையும், படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர்,
பெங்களூரு.